அறுபத்திரண்டு தவளைகளுக்குத் தாலி கட்டிய கதை

சட்டப்படி எனக்கு ஒரே மனைவிதான். எங்கள் பங்குக் கோயில் பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் கடத்தூர்ப் பக்கம் போய், நாலு பழைய ஆட்கள் டீ குடிக்கும் இடமாகப் பார்த்து, "தவளை சார் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, அறுபத்திரண்டு சம்சாரம் கட்டினாரே, அவரா?" என்று உடனே திருப்பிக் கேட்பார்கள். இதை மறுக்க நான் செய்த ஒவ்வொரு முயற்சியும் விவகாரத்தை இன்னும் கொஞ்சம் வளர்த்துவிட்டது. அதனால் இப்போது நானே ஒப்புக்கொண்டு எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, உலகத்தைத் திருத்தும் தகுதி வந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்த ஒல்லிப் பையன். வீடு பாலக்கோட்டுப் பக்கம். அப்பா தக்காளி போடுகிறவர். சென்னையில் ஒரு பேராசிரியரிடம் தற்காலிக ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்தது. என்ன வேலை என்று அப்பா கேட்டார். ஏரியில் எத்தனை தவளை இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை என்றேன். அப்பா இதை அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

வேலை ஒன்றும் கேலிக்குரியது அல்ல. அந்த நாளில் நம் ஊர்த் தவளைகளின் கால்கள் கப்பலேறி வெளிநாட்டு ஓட்டல்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஏஜென்ட்டுகள் ஊர் ஊராகச் சாக்கோடு வருவார்கள். வயலில் இருக்கிற தவளையெல்லாம் போய்விட்டால் பூச்சியை யார் தின்பது, அப்புறம் மருந்தடித்து மருந்தடித்து மண் என்ன ஆவது என்று பேராசிரியருக்குத் தூக்கம் வராது. பல்லுயிர் என்கிற வார்த்தையெல்லாம் அப்போது எங்கள் காதில் விழுந்ததில்லை. 'எல்லாம் பிழைக்கணும்' என்பார், அவ்வளவுதான். என்னை அனுப்பும்போது தோளில் கை வைத்து, "சர்க்காருக்குக் கதை சொல்லாதே, எண்ணிக்கை சொல்லு. விஞ்ஞானத்துக்கும் சர்க்காருக்கும் நடுவில் நீதான் பாலம்" என்றார். நான் அன்றைக்கே பாலமாக நிமிர்ந்துவிட்டேன்.

கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், அதில் சின்னேரி என்று ஓர் ஏரி. அங்கே தவளை பிடித்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று ஓர் ஏஜென்ட் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் மனுக் கொடுத்திருந்தார். தெருவிளக்குக்கு ஃபைல் உண்டு, கிணறு ஆழப்படுத்த ஃபைல் உண்டு, தவளைக்கு என்று ஒரு ஃபைல் அந்த ஆபீசில் அதுவரை திறந்ததில்லை. அவர்கள் மேலே அனுப்ப, அவர்கள் அதற்கும் மேலே அனுப்ப, கடைசியில் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வது என்று ஆயிற்று. அவர் சரி என்று கையெழுத்துப் போட்டால் சின்னேரித் தவளைகள் சாக்கில் ஏறும். வேண்டாம் என்று எழுத வைப்பது என் பொறுப்பு. அவர் வர மூன்று வாரம் இருந்தது.

இதில் எனக்குச் சொந்தமாகவும் ஒரு சிக்கல் இருந்தது. அந்த யூனியன் ஆபீஸ் சூப்பரின்டென்டன்ட் ஞானப்பிரகாசம், எங்களைப் போலவே கத்தோலிக்கர். அவருடைய மகள் ஜெசிந்தாவை எனக்குக் கேட்கலாம் என்று பங்குச் சாமியார் அதே மாதம்தான் பேச்சை எடுத்திருந்தார். பெண்ணை ஒரு முறை பார்த்தாகிவிட்டது (நான் பார்த்தேன், அவள் என் செருப்பைப் பார்த்தாள்). ஞானப்பிரகாசம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. பையன் என்ன வேலை பார்க்கிறார் என்று தனக்குச் சரியாக விளங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தவளை ஃபைல் அவர் மேஜையில்தான் இருந்தது. சென்னை அதிகாரி முன்னால் நான் விஞ்ஞானத்தை விளாசுவதை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் விளங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொள்ள நினைத்து, பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டேன். சார்ட் எல்லாம் வரைந்து, ஒரு தவளை எத்தனை பூச்சியை விழுங்கும் என்று முக்கால் மணி நேரம் முழங்கினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். சந்தேகம் ஏதாவது உண்டா என்றதும், ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று ஒருவர் கேட்டார். மழை இல்லாத வருடம் அது. பஞ்சாயத்துத் தலைவர் பெரியசாமி எழுந்து, தன்மையாகத்தான் சொன்னார். "நாலு மாசமா ஊர்ல வேலை இல்லீங்க சார். ஏஜென்ட்டு கூலி தர்றேங்கறாரு. உங்க தவளை தருதுங்களா?"

சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இனி எண்ணிக்கைதான் கதி.

ஏரித் தவளையை எண்ணுவது எப்படி என்று கேட்பீர்கள். ஒரு குண்டான் மொச்சை இருக்கிறது, ஒவ்வொன்றாக எண்ண நேரமில்லை என்று வையுங்கள். ஒரு பிடி மொச்சையை எடுத்துச் சாயம் பூசி, எண்ணிக்கொண்டு, திரும்பப் போட்டு நன்றாகக் கலந்துவிட வேண்டும். பிறகு இன்னொரு பிடி அள்ளிப் பார்க்க வேண்டும். பத்துக்கு ஒன்று சாயம் பூசியதாக வந்தால், மொத்தம் நாம் சாயம் பூசியதைப் போலப் பத்து மடங்கு. இவ்வளவுதான் சூட்சுமம். தவளைக்குச் சாயம் நிற்காது என்பதால் இடுப்பில் தளர்வாக ஒரு நூல் கட்டிவிடுவோம்.

அந்த நூல்தான் என் வாழ்க்கையை மாற்றியது. சென்னையிலிருந்து பச்சை நைலான் நூல் வரும் என்றார்கள். எழுதிப் போட்டேன், தந்தி கொடுத்தேன், வரவில்லை. நாள் ஓடுகிறது. கடத்தூர்க் கடைவீதிக்குப் போனேன். தண்ணீரில் சாயம் போகாமல், தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிகிற மாதிரி கெட்டியான நூல் எது என்று தேடினால், கல்யாணச் சாமான் கடையில் கொத்துக் கொத்தாக மஞ்சள் கயிறு தொங்கியது. ஒரு கட்டு வாங்கினேன். யாருக்குக் கல்யாணம் என்று கடைக்காரர் விசாரித்தார். தவளைக்கு அடையாளம் கட்ட என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்கு அந்த வயதில் நகைச்சுவை உணர்ச்சி இருப்பதாக ஒரு நினைப்பு.

"சின்னேரியில இருக்கறவங்களுக்குத்தான்" என்றேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. நாள் நன்றாகப் பார்த்துக்கொண்டீர்களா என்று கேட்டார்.

இரண்டு காலை வேளைகளில் அறுபத்திரண்டு தவளை பிடித்தேன். படித்தால் ஒரு வரி, செய்தால் உயிர் போகும். நம் ஊர்ப் பெரிய தவளை கையில் நிற்காது. உதைக்கும், வழுக்கும், கடைசியில் மணிக்கட்டில் ஒன்றுக்குப் போய்விட்டுத் தாவும். நூலும் வழுக்கியது. ஒரு முடிச்சு அவிழ்ந்தது, இரண்டும் அவிழ்ந்தது. அதனால் ஒவ்வொன்றுக்கும் கவனமாக மூன்று முடிச்சு போட்டேன். (ஆமாம், மூன்று. படிக்கிற உங்களுக்கு உடனே உறைக்கிறது, முதுகலை படித்த எனக்கு உறைக்கவில்லை.) ஊற்றுத் தண்ணீருக்குக் குடத்தோடு வந்த முனியம்மா அக்கா கரையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் பெண்கள் மத்தியில் அவர் வைத்ததுதான் சட்டம். நான் கைகூப்பினேன். அவர் என்னையும் தவளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

கட்டியவை மற்றவற்றோடு கலக்க ஒரு வாரம் விட வேண்டும். நான் பாலக்கோட்டுக்குப் போய், அம்மா கையால் சாப்பிட்டு, அதிகாரி முன்னால் பேச வேண்டியதை மாட்டுக்குச் சொல்லிப் பயிற்சி எடுத்தேன். அந்த வாரத்தில் இரண்டு நாள் நல்ல மழை. தவளைக்கு நல்லதாயிற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

குறித்த நாள் காலையில் நேராக ஏரிக்கரைக்குப் போனேன். ஜீப் வந்தது. சஃபாரி சூட்டில் சென்னை அதிகாரி, பின்னால் ஃபைலோடு ஞானப்பிரகாசம். ஏஜென்ட் முன்னமே மொபெட்டை நிறுத்திவிட்டு நின்றார், பின்சீட்டில் புதுச் சாக்கு அடுக்கியிருந்தது. ஊரில் பாதி கரையில் இருந்தது. பெண்கள் தலையில் பூ வைத்திருந்தார்கள். அதிகாரி வருகிறார் என்பதற்காக என்று எடுத்துக்கொண்டேன்.

மொச்சைக் கதையைச் சொன்னேன். அதிகாரிக்குப் பிடித்துவிட்டது, இவ்வளவு சுலபமாக யாரும் விளக்கியதில்லை என்றார். ஞானப்பிரகாசம் என்னைப் பார்த்த பார்வையில் முதல் முறையாக ஒரு மருமகன் தெரிந்த மாதிரி இருந்தது. பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, உதவிக்கு ஊர் ஆட்கள் இரண்டு பேரோடு வலையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

முதல் தவளை. இடுப்பில் மஞ்சள் கயிறு. "பார்த்தீர்களா, ஒரு வாரமாகியும் அவிழவில்லை" என்று உயர்த்திக் காட்டினேன். அதிகாரி தலையாட்டினார். இரண்டாவது தவளை, கயிறு. அதிர்ஷ்டம்தான். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லாம் கயிறு. பத்தாவது தவளை வந்தபோது எனக்குக் காலில் சேறும் நெற்றியில் வியர்வையும் சமமாக இருந்தன. இருபதாவது தவளையின் கயிற்றில் ஒரு சின்ன மஞ்சள் கிழங்குத் துண்டு முடிந்திருந்தது. அதை நான் கட்டவில்லை. முப்பத்தைந்தாவது தவளைக்கு நெற்றியில் குங்குமம்.

கடைசியில் எண்பது தவளை பிடித்திருந்தோம். எண்பதுக்கும் கயிறு. அதிகாரி பேனாவைத் திறந்து, உங்கள் கணக்குப்படி ஏரியில் மொத்தம் எத்தனை என்று கேட்டார்.

கணக்கு ரொம்பச் சுலபம். அள்ளியதெல்லாம் சாயம் பூசிய மொச்சை என்றால், குண்டானில் இருப்பதே நாம் பூசியது மட்டும்தான். அதாவது ஏரியில் மொத்தம் அறுபத்திரண்டு தவளை. கையில் எண்பது இருக்கிறது. எம்.எஸ்ஸி. பட்டத்தை அந்த இடத்திலேயே சின்னேரியில் விட்டுவிடலாம் போலிருந்தது. சும்மா ஒரு எண்ணைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அறுநூறு என்றாலும் எழுதிக்கொண்டிருப்பார். வாய் வரவில்லை.

"கணக்கு அறுபத்திரண்டுன்னு சொல்லுதுங்க. அது தப்பு. எத்தனைன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

ஏஜென்ட் மெதுவாகச் சாக்குக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். என்னை நம்பி மூன்று வாரம் ஏரியில் கிடந்த ஜீவன்கள், என் ஒரு கட்டு நூலால் கப்பலேறப் போகின்றன. தண்ணீரில் நின்றபடியே கரையைப் பார்த்து, யார் இதெல்லாம் கட்டியது என்று கத்தினேன். கோபம் பாதி, அழுகை பாதி.

முனியம்மா அக்கா முன்னால் வந்தார். "மொதல்ல நீங்கதானுங்களே சார் கட்டினீங்க. மூணு முடிச்சுப் போட்டீங்க, நானே கண்ணால பாத்தேன். தவளைக்குக் கல்யாணம் பண்ணினா மழை வரும்னு சொல்லுவாங்களே, மறுநாளே பேஞ்சுது. கொஞ்சத்துக்குக் கட்டிட்டு மத்ததை அப்படியே உட்டா பாவம் இல்லீங்களா? நாங்க மீதிக்குக் கட்டினோம். மறுக்காவும் பேஞ்சுது."

தாலியைப் போய் இடுப்பில் கட்டுவார்களா என்று அதிகாரி கேட்டார். அந்தக் கேள்விதான் அவருக்கு முதலில் தோன்றியிருக்கிறது. தவளைக்கு ஏது கழுத்து, இருக்கிற இடத்தில்தானே கட்ட முடியும் என்று முனியம்மா அக்கா நியாயத்தைச் சொன்னார். முதலில் கட்டியது யார் என்று அதிகாரி மறுபடி உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டபோது, கரையிலிருந்த அத்தனை கையும் என் பக்கம் நீண்டது. ஞானப்பிரகாசம் ஃபைலை மூடினார். அந்தச் சத்தம் எனக்கு ஏரி நடுவில் கேட்டது.

அப்போதுதான் தலைவர் பெரியசாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். பள்ளிக்கூடத்தில் என் வாயை அடைத்த அதே பெரியசாமி. மழை பெய்துவிட்டதால் எல்லோரும் ஏர் பூட்டப் போகிறோம், இப்போது கூலிக்கு ஆள் கிடைக்காது என்று ஏஜென்ட்டைப் பார்த்து ஆரம்பித்தார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "ஐயா, தாலி கட்டின பொண்ணுங்கள காலை வெட்டறதுக்கு எந்த ஊர்லயாச்சும் அனுப்பி வெப்பாங்களா?" என்றார்.

அதிகாரி அந்த எண்பதையும் பார்த்தார், பூ வைத்த பெண்களைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் ஒருவர் இருந்திருப்பார். பேனாவை எடுத்து, ஊர் மக்களின் உணர்வுகளைக் கருத்தில் கொண்டு அனுமதி மறுக்கப்படுகிறது என்று நின்ற இடத்திலேயே எழுதினார். ஏஜென்ட் அவிழ்த்த கட்டைத் திரும்பக் கட்டினார். என் அறிக்கை ஒரு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து திரும்பி வந்தது, எண்ணிக்கை திருப்திகரமாக இல்லை என்ற குறிப்போடு.

கூட்டம் கலைந்த பிறகு முனியம்மா அக்காவிடம் போனேன். தவளைக்கு நான் தாலி கட்டவில்லை, அது அடையாளம் என்று விளக்கினேன். அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னதை நான் பிற்பாடு எத்தனையோ மாநாட்டு மேடைகளில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

"தெரியுமுங்க சார். அது பூச்சி திங்குதுன்னும் தெரியும். பூச்சியைச் சொன்னா ஏஜென்ட்டுகிட்ட ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்க. தாலின்னு சொன்னா யாரு எதுத்துப் பேசுவாங்க?"

ஆண் தவளைக்கும் சேர்த்தல்லவா கட்டிவிட்டோம் என்று மட்டும் முனகினேன். அதை வெளியே சொல்ல வேண்டாம் என்றார்.

கடத்தூர் வரை ஜீப்பில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். ஞானப்பிரகாசம் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே வந்தார். தோள் குலுங்கியது. பெண்ணின் அப்பா என்னால் அழுகிறார் என்று நினைத்துப் பதறிப் போனேன். பாதி வழியில்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, பையனுக்கு வேற எடத்துல தொடர்பு ஏதாச்சும் இருக்குதான்னு விசாரிச்சுட்டு வரச் சொன்னாங்க வூட்ல. நான் என்னான்னு போய்ச் சொல்றது?" என்றார்.

என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான்காம் நாள் சாமியார் சம்மதத்தோடு வந்தார். ஞானப்பிரகாசம் தயங்கியிருக்கிறார், பெண்தான் சரி என்று சொல்லியிருக்கிறாள். எண்பதைக் கையில் வைத்துக்கொண்டு அறுபத்திரண்டு என்று சொல்லி, அதையும் தப்பு என்று சொன்ன மனிதர் வீட்டில் பொய் சொல்ல மாட்டார் என்பது ஜெசிந்தாவின் வாதம். என் வாழ்நாளில் என் ஆராய்ச்சிக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான் என்பதால் இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது இருப்பது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் அறிவிப்பார். முதல் ஞாயிறு, தடை என்ற வார்த்தை வந்ததுமே ஆண்கள் பக்கம் இருமல் கிளம்பியது. இரண்டாவது ஞாயிறு சாமியாரே அந்த வரியில் கொஞ்சம் தடுமாறினார். மூன்றாவது ஞாயிறு வெளியே தூறல். தடை ஏதாவது இருந்தால் என்று அவர் சொல்லி நிறுத்திய நேரம், கோயில் பக்கத்து வாய்க்காலிலிருந்து ஒரு தவளை கத்தியது. நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பீர்கள். கத்தியது என்னவோ உண்மை, ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம். கோயிலே சிரித்தது, பீடத்தில் நின்ற சாமியார் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சில வருடங்களில் தவளைக்கால் ஏற்றுமதிக்கே நாடு முழுக்கத் தடை வந்தது. அதற்கு என்னைவிட நன்றாக எண்ணத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் பாடுபட்டார்கள். செய்தியைப் பேப்பரில் வாசித்துக் காட்டியபோது ஜெசிந்தா, "அப்ப மூத்தவங்க எல்லாம் தப்பிச்சாங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தான் அறுபத்து மூன்றாவது. மளிகைக் கடையில், பிள்ளைகளின் பள்ளிக்கூட விழாவில், என் பணி ஓய்வு விழா மேடையில்கூட அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொண்டாள். மழை பெய்து கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்: "மூத்தவங்க கூப்புடறாங்க, போயி என்னான்னு கேட்டுட்டு வாங்க." கத்துவது ஆண் தவளை மட்டும்தான் என்று நானும் இத்தனை வருடமாகச் சொல்கிறேன். காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

பக்கத்துக் காலி மனைகளெல்லாம் வீடாகிவிட்டன. இரண்டு மழைக்காலமாக அவள் அப்படிக் கூப்பிடவில்லை. சத்தம் வந்தால்தானே கூப்பிட. அந்தக் கேலி நின்றுபோனது எனக்கு எவ்வளவு வலித்தது என்று அவளிடம்கூடச் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் நல்ல மழை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா மிக்ஸியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். பிறகு என் குடையை எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

"போங்க, ஒருத்தி வந்திருக்கா" என்றாள்.